உயரத் தட்டில் நாலு போத்தல்

அலுவிகாரையில் பதுர்தீனின் மூக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்தவராக இருக்க வேண்டும். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற மனுசன் அவர். ஒரு கைப்பிடி மிளகை முகர்ந்துவிட்டு, எந்த மலைக் கொடியில் காய்த்தது, ஒழுங்காக வெயில் கண்டதா, ஈரச் சாக்கில் கிடந்ததா என்று ஜாதகமே சொல்லிவிடுவார். அவர் சொன்னது சரியா பிழையா என்று இதுவரை யாரும் போய்ப் பார்த்ததில்லை. அவ்வளவு நிச்சயமாகச் சொல்வார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எதையும் வீசமாட்டார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். துரும்பைச் சேர்த்து வைத்தால் நமக்கென்ன, சேர்த்துவிட்டுப் போகட்டும். இவரோ செத்த டோர்ச் பெற்றறி, எரிந்து கறுத்த பல்ப், கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட், திகதி முடிந்த இருமல் மருந்து எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலில் சேர்த்தார். தண்ணிச் சாமான்கள் எல்லாம் லெமனேட் போத்தல்களில் இருந்தன. காஸ் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய், பெயின்டுக்குக் கலக்கிற தின்னர், பழைய வேனின் பெற்றறிக்கு ஊற்றி மிஞ்சிய அசிட். ஒன்றிலும் ஒரு எழுத்துக் கிடையாது.

"பேரெழுதி ஒட்டினா என்ன?" என்று மனைவி நோனா கேட்காத மாதமில்லை.

"எனக்கு எதுக்கு லேபல்? மூக்கு ஈக்குதே!" என்பார் பதுர்தீன்.

அந்த மூக்கைத்தான் கொரோனா கொண்டுபோனது. காய்ச்சல் போனது, இருமல் போனது, வாசம் மட்டும் திரும்பி வரவில்லை. கராம்பை முகர்ந்தாலும் கருவாட்டை முகர்ந்தாலும் ஒன்றுதான். வெளியே சொன்னால் யாபாரம் என்னாகும்? அதனால் மனுசன் மூச்சுக் காட்டவில்லை. வழக்கம்போல மிளகை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார். பிறகு ஒரு கண்ணை மெதுவாகத் திறந்து விற்க வந்தவனின் முகத்தைப் பார்ப்பார். அவன் எச்சில் விழுங்கினால் மிளகு ஈரம். ஆகாயத்தைப் பார்த்தால் பழையது. இப்படியே வருடக்கணக்காக ஓடியது. முன்னைவிட மூக்கு கூர்மையாகிவிட்டதாக ஊரில் பேச்சு வேறு.

இந்த நிலையில்தான் நோனாவின் தம்பி நளீம் உம்ரா போய் வந்தார். மக்காவிலிருந்து கொண்டுவந்த சம்சம் என்கிற புனிதத் தண்ணீரைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு வைத்தார். நோனாவின் பங்கு ஒரு கழுவிய லெமனேட் போத்தலில் வந்தது. கலேவெலயில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஜஸ்லா மாசமாக இருந்தாள். அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நோனா அதை எடுத்து வைத்தாள்.

"கால் படாத உயரமான எடத்துல வைங்க" என்று கணவனிடம் கொடுத்தாள்.

வீட்டிலேயே உயரமான இடம் எது? கொட்டிலின் மேல் தட்டு. பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது என்று நஞ்சையெல்லாம் அங்கேதான் வைத்திருந்தார். கால் படக் கூடாததும் கை எட்டக் கூடாததும் ஒரே தட்டில் சேர்ந்துகொண்டன. சொன்ன சொல் தட்டாத மனுசன், என்ன செய்ய!

வெள்ளிக்கிழமை காலை நோனா கலேவெலவுக்குப் புறப்பட்டாள். "அந்த சம்சத்த எடுத்துத் தாங்க. பஸ்ஸுக்கு நேரமாகுது."

பதுர்தீன் ஏணி வைத்து ஏறினார். மேலே நாலு போத்தல். நாலிலும் பளிங்கு மாதிரித் தண்ணி. ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். மூக்கு போன மனுசனுக்கு நாலுமே சம்சம்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டு றம்லாவின் பூனையைப் பிடித்து வந்து முகரக் கொடுத்தார். அது நாலுக்கும் தும்மியது. தும்மாமல் என்ன செய்யும்? பிடித்திருந்த கையெல்லாம் மண்ணெண்ணெய்.

"என்ன, அங்கயே தூங்கிட்டீங்களா?" என்று குசினியிலிருந்து நோனாவின் குரல் வந்தது.

ஆனது ஆகட்டும் என்று, பார்க்க ஆகச் சுத்தமாக இருந்த ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். நோனா அதைக் கண்ணில் ஒற்றி, துவாயில் சுற்றி, பையில் வைத்தாள். "ஏழு மாசம். பிஸ்மி சொல்லி ஒரே மூச்சுல குடிக்கச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டாள்.

ஒரே மூச்சில்! ஜஸ்லா தலையை அண்ணாந்து குடிப்பது பதுர்தீனின் கண் முன்னால் வந்தது. சின்ன வயதிலிருந்தே அந்தப் பிள்ளை அப்படித்தான், வாப்பா கொடுத்தால் என்னவென்று கேட்காமல் வாயில் போட்டுக்கொள்ளும். பெருமையாவது யாபாரமாவது! ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினார்.

"குடுக்காத, நோனா! இது சம்சமா அசிட்டான்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு வாசமும் வாறதில்ல. கொரோனாவோட மூக்கு போயிட்டு!"

நோனா போட்ட செருப்பைக் கழற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப போன நோம்புல அடிப்புடிச்ச கஞ்சிய, என்ன வாசம் என்ன வாசம்னு மூணு கோப்ப குடிச்சது?"

"அது... நீ ஆக்கினதுன்னு..."

"நான் என் மேல உள்ள பிரியத்துலன்னு நெனச்சேனே!"

சம்சம் போனதைவிட அந்தக் கஞ்சிதான் அவளுக்கு ஆறவில்லை. இத்தனை வருடமும் கேட்ட பாராட்டையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏசினாள். பஸ் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் சபையின் குப்பை லொறி ஒலிபெருக்கியோடு வந்தது. பழைய பெற்றறி, பல்ப், பெயின்ட், மருந்து, பூச்சிமருந்து எல்லாம் தனியாகத் தரச் சொல்லிக் கத்தியது. முன்னால் கையுறை போட்டு நடந்து வந்தவர் சுகாதாரப் பரிசோதகர் பஸ்லி. போன முறை இதே லொறி வந்தபோது, "எங்கட வீட்டுல அப்பிடி ஒண்டும் இல்ல" என்று கேட்டைச் சாத்தியவர்தான் பதுர்தீன். இன்று அவரே நடுவீதிக்குப் போய்க் கையைக் காட்டினார்.

பஸ்லி கொட்டிலுக்குள் புகுந்தார். பல்ப்களை உடையாமல் பெட்டியில் அடுக்கினார். பெற்றறிகளை வேறாக, மருந்துகளை வேறாக எடுத்து வைத்தார். கடைசியில் நாலு போத்தலும் கதையும் அவர் முன்னால் வந்தன.

"நான் மோந்து சொல்றேன்" என்று நோனா ஒரு மூடியில் கை வைத்தாள்.

"மோக்காதீங்க, ராத்தா!" பஸ்லி கத்தியே விட்டார். "தின்னர் தலைக்கு ஏறும். அசிட்டுக்குப் பெருசா வாசமும் இல்ல, தெறிச்சா கண்ணு போகும். மோந்தும் பாக்கப்படாது, நக்கியும் பாக்கப்படாது."

"அப்ப காணுக்குள்ள ஊத்திடவா?" என்று பதுர்தீன் ஒழுங்கையோரத்து வடிகாலைக் காட்டினார்.

"காணுத் தண்ணி எங்க போகுது? உங்கட கெணத்துக்குத்தான். ஒண்டோட ஒண்டு கலக்கவும் வேணாம். என்னன்னு தெரியாட்டி அது நஞ்சு. அவ்வளவுதான் சட்டம்."

"தம்பி, அதுல ஒண்டு சம்சம்!" நோனாவின் கண் கலங்கிவிட்டது.

பஸ்லி தலையைச் சொறிந்தார். அவரும் தொழுகிற பிள்ளைதான். "உசிருதான் முதல்ல, ராத்தா. அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றார். நாலிலும் 'இன்னதென்று தெரியாது' என்று எழுதி ஒட்டினார். பிறகு ஒவ்வொரு போத்தலையும் இரண்டு கையாலும் ஏந்தி, வாய்க்குள் பிஸ்மி சொல்லி, அடிமேல் அடி வைத்து லொறிக்குக் கொண்டுபோனார். அசிட்டுக்கும் அதே மரியாதை, தின்னருக்கும் அதே மரியாதை.

அதுவரை எல்லாவற்றையும் சாதாரணமாக வாங்கி வைத்த லொறி ஆட்கள் இதைக் கண்டு அரண்டு போனார்கள். பஸ்லி மாத்தயாவே மந்திரம் சொல்லித் தூக்குகிறார் என்றால் எப்பேர்ப்பட்ட நஞ்சாக இருக்கும்! ஒருவர் வீதி தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். சாரதி இறங்கி றம்லாவின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்தார். பூனையும் அங்கேதான் இருந்தது.

நளீம் தன் பங்கிலிருந்து கொஞ்சம் சம்சம் கொடுத்தார். பதுர்தீன் அந்தப் போத்தலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று லேபல் ஒட்டினார். அந்த வேகத்தில் சீனி டின், உப்பு டின், கடைசியில் தண்ணிக் குடத்திலும் ஒட்டினார். மிளகு வாங்கப் போகும்போது இப்போது நோனாவும் கூடப் போகிறாள். அவள் முகர்வாள், இவர் விற்பவனின் முகத்தைப் பார்ப்பார். இரண்டும் சேர்ந்த பிறகு ஒருவனும் இவர்களை ஏமாற்ற முடியவில்லை.

ஜஸ்லாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கலேவெலயில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையை வாங்கி, உச்சி முகர்ந்து, ஒவ்வொன்று சொன்னார்கள். பதுர்தீனின் முறை வந்தது. சம்பந்தி வீட்டாருக்கு இன்னும் விசயம் தெரியாது. அலுவிகாரையின் பேர்போன மூக்கு என்ன சொல்லப் போகிறதென்று அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பிள்ளையை மடியில் வாங்கி, அதன் தலையில் மூக்கை வைத்து நீளமாக இழுத்தார். ஒன்றுமே வரவில்லை. இந்த ஒரு வாசத்துக்காக உலகத்து மிளகையெல்லாம் கொடுத்துவிடலாம் போல இருந்தது. பழையபடி கண்ணை மூடி ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கு வாசம் வராது" என்றார் எல்லாருக்கும் கேட்க. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நோனா, நீ மோந்து சொல்லு."

நோனா குனிந்து முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "பால் வாசம். கொஞ்சம் பவுடர். வெயில்ல காஞ்ச துணி வாசம்." இன்னொரு தடவை முகர்ந்தாள். "மூத்திர வாசமும் ஈக்கி."

அவள் சொன்னதையெல்லாம் பதுர்தீன் கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் முகர்ந்தார். கடைசியாகச் சொன்னது மட்டும் அவருக்கு முன்னமே தெரியும். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது.