பவுலின் சொன்ன சீட்டு

கஸ்பருக்குத் தங்கை என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. ஒத்தப்பாறைத் தோட்டத்தில் இது அவன் மனைவி டோரீனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களைப் பொறுத்தவரை அவனுக்குப் பவுலின் என்று ஒரு தங்கை இருந்தாள், சின்ன வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள், செத்த பிறகும் அண்ணனை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே திரிந்துகொண்டிருந்தாள்.

ஒத்தப்பாறை மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிறது. அங்கே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாடவிடும் வேலை கஸ்பருக்கு. வாயில்லாத ஆள். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்து வாசலில் நாலு பேர் நின்று பேசினால், ஐந்தாவதாக அவன் வந்து நின்றது யாருக்கும் தெரியாது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுத் தள்ளுபடியான எத்தனையோ பேரில் அவனும் ஒருவன். அதைப் பற்றிக்கூட அவன் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

அவன் வித்தை கற்றது கினிகத்தேனையில். பஸ் பழுதாகி நின்ற ஒரு மத்தியானம், தேத்தண்ணிக் கடையில் ஒரு சிங்கள லாரி டிரைவர் சீட்டுக்கட்டை வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். சுலபமான வித்தை. கட்டின் அடியில் இருக்கும் சீட்டை யாரும் அறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் ஒரு சீட்டை எடுத்து மனதில் வைத்துக்கொண்டு, அதைக் கட்டின் மேலே வைப்பார். பாதியில் வெட்டி, அடிப்பாதியைத் தூக்கி மேலே வைத்தால், நாம் பார்த்து வைத்த சீட்டு அவர் சீட்டின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடும்போது, நம் சீட்டுக்கு அடுத்து வருவது அவருடையது. இவ்வளவுதான்.

கஸ்பர் அதை லயத்தில் செய்து காட்டினான். இரண்டாம் தடவையே பிடிபட்டுவிட்டது. "அடிச்சீட்டைப் பாக்குறான்டா" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பல நாள் உறைத்தது.

அதற்குப் பிறகுதான் பவுலின் வந்தாள்.

ஒரு நத்தார் அன்று, மாதா கோயிலில் கிறிஸ்து பிறப்புப் பூசை முடிந்து வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து, சீட்டைத் தொடாமலே கஸ்பர் பேச ஆரம்பித்தான். தங்கைக்குக் காய்ச்சல் கண்டது, டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, பாதி வழியில் அவள் தோளில் தலை சாய்த்தது, "அண்ணே, இறக்கி விடாத" என்று சொன்னது எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னான். பிறகு கட்டை நீட்டி ஒருவரைச் சீட்டு எடுக்கச் சொன்னான். "அன்னைக்கிலேருந்து அவ என் தோளை விட்டு இறங்கல. நீங்க எடுத்த சீட்டை உங்களுக்குப் பின்னால வந்து நின்னு பாப்பா. பாத்துட்டு வந்து என் காதுல சொல்லுவா. இப்ப... உங்க பின்னாலதான் நிக்கிறா."

சீட்டு எடுத்தவர் திரும்பிப் பார்த்தார். சுற்றி இருந்தவர்களும் பார்த்தார்கள். கஸ்பருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கணம்தான். அடிச்சீட்டைப் பார்த்துக்கொண்டான். பிறகு சீட்டுகளைத் திருப்பிப் போட்டபோது, அவருடைய சீட்டு வந்தும் நிற்காமல் தாண்டிப் போனான். எல்லாம் போட்டு முடித்துத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஆட்டின் ராணிங்கிறா" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லாத பிள்ளையை எதுக்குங்க சாகடிக்கிறீங்க?" என்று டோரீன் அவர்களுடைய லயத்து அறையான காம்பராவுக்குள் வந்ததும் கேட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கஸ்பர் சீட்டுக்கட்டைத் தலையணைக்கடியில் வைத்தான். அன்றைக்கு முதல்தடவையாக லயத்து ஆட்கள் அவன் பேசி முடிக்கும்வரை பேசாமல் இருந்திருந்தார்கள். அதை விட்டுவிட அவனால் முடியவில்லை. கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சொல்லச் சொல்ல, பவுலினுடைய சட்டைக்கு நிறம் வந்தது, பேச்சில் மழலை வந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் மார்கழியில் மழை பிடித்தது. மண் சரிந்து பாதைகள் மூடின. ஆறு கரை தெரியாமல் ஓடியது. அந்த மழையிலும் கொழுந்தெடுத்துவிட்டு, மரப்பாலத்தில் வரிசையாக வந்துகொண்டிருந்த பெண்களில் மூன்றாவதாக வந்தவள் மீனம்மா. பாலத்தின் நடுப்பலகை போனது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் இருந்தவர்கள் அக்கரையிலேயே நின்று அலறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஆண்கள் கீழே வெகுதூரம் போய்த் தேடினார்கள். கொழுந்துக் கூடை கிடைத்தது. பெண் கிடைக்கவில்லை.

மீனம்மாவின் தாய் வேலாயி கைம்பெண். சோலைமலை என்று ஒரு மகனும் அவளுக்கு உண்டு. உடல் கிடைக்காததால் அவள் தலைமுழுகவும் இல்லை, கருமாதி செய்யவும் விடவில்லை. சோறு இறங்காமல் வற்றிப்போனாள். தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஸ்பரின் வீட்டு முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் வந்து நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் டோரீன்.

வேலாயி வரவில்லை. "தம்பி, உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும்."

கஸ்பர் பழக்கத்தில் சீட்டுக்கட்டை எடுக்கப் போனான்.

"சீட்டு வேணாம் தம்பி. எம்மக அங்க இருக்காளா? அது ஒண்ணை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அடுப்படியிலிருந்து டோரீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று கஸ்பருக்குத் தோன்றியது. தங்கையும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் கைவேலை என்று சொல்லிவிடலாம். ஆனால் வேலாயியின் கன்ன எலும்பைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. தலையைச் சாய்த்தான்.

"இருக்காக்கா. நல்லாத்தான் இருக்கா."

"எங்க இருக்கா?"

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. "ஆத்தங்கரையிலதான்" என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

"குளிருமே" என்றாள் வேலாயி. பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதாள். மழைக்குப் பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான். டோரீன் கொடுத்த ரொட்டியில் பாதியைத் தின்றாள். அவள் போன பிறகு, "ஒரு வாய் தின்னுச்சில்ல" என்றான் கஸ்பர்.

"நாளைக்கும் வரும். அப்ப என்னா சொல்லுவீங்க?"

வேலாயி அடுத்த ஞாயிறு வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். மீனம்மாவுக்குப் பசிக்குதா, தலை வாரிக்கிட்டாளா, என் மேல கோவமா என்று கேட்டாள். கஸ்பர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். பசிக்கு என்ன சொன்னானோ, வேலாயி வெள்ளிக்கிழமைதோறும் சோறு பொங்கி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். ஊருக்குள் வித்தை காட்டுவதைக் கஸ்பர் நிறுத்திவிட்டான். கூப்பிட்டவர்களிடம் தோள் வலி என்றான். ஞாயிறு வந்தால் பூசைக்குப் போன இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவான். இஸ்தோப்பில் வேலாயி காத்திருப்பாள். வருஷங்கள் இப்படியே போயின.

அறுபத்துநாலில் நாட்டைவிட்டு இந்தியாவுக்குப் போகச் சோலைமலையின் முறை வந்தது. அவன் முன்பே இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தான், தாய்க்கும் சேர்த்து. தங்குவதற்கான விசா முடிந்தது; இனி நீட்டிக்க முடியாது, புறப்படுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு மனைவியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள். திருச்சிப் பக்கம் பாட்டன் ஊர் என்று பேர் மட்டும்தான் தெரியும்.

வேலாயி வரமாட்டேன் என்றாள். "மீனம்மாவைத் தனியா விட்டுட்டு எங்க வரச் சொல்ற?"

சோலைமலை ஸ்டோருக்கே வந்து கஸ்பரைப் பிடித்தான். "மாமா, எங்க அம்மா நீங்க சொன்னாத்தான் கேக்கும். மீனம்மாவும் எங்ககூடக் கப்பல்ல வர்றான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அது பொய்யாச்சே தம்பி."

"இவ்வளவு நாள் சொன்னதெல்லாம் என்னாங்க?"

கஸ்பர் கொழுந்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று முழுக்க வாடிய கொழுந்தைக் கிளறிக்கொண்டே யோசித்தான். சோலைமலை கேட்டதைச் சொன்னால் வேலாயி கப்பல் ஏறிவிடுவாள். ஆனால் ஆள் தெரியாத ஊரில், ஞாயிற்றுக்கிழமை யாரிடம் போய்க் கேட்பாள்? ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லி அவளை அவிழ்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான். டோரீனிடமும் சொன்னான். "இப்பவாச்சும் சொல்லுங்க" என்றாள் அவள்.

ஞாயிறு வந்தது. கஸ்பர் சீட்டுக்கட்டை எடுத்து வேலாயியின் முன்னால் வைத்தான்.

"அக்கா, எனக்குத் தங்கச்சி கிடையாது. பவுலின்னு யாரும் பிறக்கவே இல்ல. இதைப் பாருங்க." அடிச்சீட்டைக் காட்டினான். அவளையே ஒரு சீட்டு எடுக்கச் சொன்னான், வைக்கச் சொன்னான், வெட்டினான். ஒவ்வொன்றாகத் திருப்பி, "இது நான் பாத்து வச்சது. அப்ப இதுக்கு அடுத்தது உங்களுது. இவ்வளவுதாங்க்கா. மீனம்மா என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றான்.

வேலாயி சீட்டுக்கட்டை வாங்கினாள். அடிச்சீட்டைப் பார்த்தாள். டோரீனை ஒரு சீட்டு எடுக்கச் சொல்லி, வாங்கி வைத்து, வெட்டி, நிதானமாகத் திருப்பிப் போட்டாள். "இஸ்பேட் ஏழு. சரியாம்மா?" டோரீன் தலையாட்டினாள்.

"சீட்டு வேலை இப்படித்தான்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றாள் வேலாயி. "நான் என்னைக்காச்சும் உங்ககிட்ட சீட்டைக் கேட்டேனா?"

"அக்கா, தங்கச்சியும் பொய்யிங்க்கா."

வேலாயி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "சோலைமலை வந்தானா உங்ககிட்ட?"

கஸ்பர் தலையாட்டினான். வந்தது உண்மைதான்.

"அவன் சொல்லச் சொல்லித்தான் இப்படிப் பேசுறீங்க. என்னைக் கப்பல் ஏத்தணும், அதானே? இத்தனை வருசம் எம்மகளைப் பத்திச் சொன்ன வாயால இப்படிச் சொல்ல எப்படித் தம்பி மனசு வந்துச்சு?"

கஸ்பர் பதறிப்போனான். வேறு வழி தெரியாமல், முதலில் மாட்டேன் என்று சொன்னதையே கடைசியில் சொன்னான். "அக்கா, மீனம்மா உங்ககூட வர்றாளாம். கப்பல்ல வர்றாளாம். நீங்க போங்க."

"இப்பதான் பொய் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு வேலாயி எழுந்து போனாள்.

புறப்படும் நாள் காலை அட்டன் ஸ்டேஷனுக்குப் போக லாரி வந்து நின்றது. வேலாயியைக் காணவில்லை. சோலைமலை ஆற்றங்கரையில் தேடினான், தேயிலைக்குள் தேடினான், தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயங்களில் தேடினான். கஸ்பரும் கூடவே ஓடினான். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அந்த ரயிலை விட்டால் கப்பல் இல்லை. லாரியில் ஏறும்போது கஸ்பர் ஏதோ சொல்லப் போனான். சோலைமலை திரும்பினான்.

"நீங்கதானே மாமா எங்கம்மாவை இங்க கட்டிப்போட்டீங்க. நீங்களே வச்சுக்குங்க."

மத்தியானத்துக்கு மேல் வேலாயி முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தாள். அவளுடைய காம்பரா பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கஸ்பரின் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தாள். டோரீன் பாயைக் கொண்டுவந்து போட்டாள்.

தோட்டத்தில் அவள் பேர் வெட்டப்பட்டுவிட்டது. வேலை கிடையாது, அரிசி கிடையாது. காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். "வெளியாளை வச்சிருக்கக்கூடாது" என்று கங்காணி வந்து சொன்னார். "எங்கக்காதாங்க" என்றான் கஸ்பர். அது உண்மையில்லை என்பது கங்காணிக்குத் தெரியாததல்ல. அவர் போய்விட்டார். யாராவது அதிகாரிகள் வரும் சத்தம் கேட்டால், வேலாயி பின்பக்கமாகத் தேயிலைக்குள் போய்க் குந்திக்கொள்வாள்.

இப்போது ஞாயிறு மட்டுமில்லை, தினமும் அவள் கேட்டாள். கஸ்பர் வேலை முடிந்து வந்து முகம் கழுவுவதற்குள் கேட்பாள். சொன்னால்தான் சாப்பிடுவாள். பொய் என்று தன் வாயாலேயே சொன்னதை அவன் மறுபடி தினமும் சொன்னான். சில நாள் டோரீன் அதைக் கேட்கப் பிடிக்காமல் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

அடுத்த வருஷத்து மழையில் வேலாயிக்கு நெஞ்சுச் சளி கட்டியது. டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாள் இழுத்துக் கிடந்து, ஒரு பகல் நேரம் அடங்கிவிட்டாள். மகனுக்குச் சொல்லியனுப்ப ஒரு வழியும் இல்லை. அவன் போய்ச் சேர்ந்தானா என்பதே யாருக்கும் தெரியாது. லயத்துக்காரர்கள் நாலு பேர் தூக்கினார்கள். முதல் பிடி மண்ணைப் போட உரிமையுள்ளவர் யார் என்று கேட்டபோது ஒருவரும் முன்னால் வரவில்லை. கஸ்பர் போட்டான்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தவனிடம் டோரீன் கேட்டாள்:

"கடைசியா அக்கா உங்களைக் கூப்பிட்டு என்னாங்க கேட்டுச்சு? மீனம்மாவைப் பத்தியா?"

"இல்ல. சோலைமலையோட பிள்ளை நடக்க ஆரம்பிச்சிருக்குமான்னு கேட்டுச்சு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"தெரியலக்கான்னு சொன்னேன்."

டோரீன் வேலாயியின் பாயைச் சுருட்டினாள்.

"என் முகத்தையே பாத்துச்சு. இன்னும் ஏதோ சொல்லுவேன்னு நினைச்சிருக்கும். அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு."

ஸ்டோரில் சங்கு ஊதியது. கஸ்பர் எழுந்து போனான்.