கறுத்ததெல்லாம் பழமல்ல

என் பக்கத்துப் பண்ணைக்காரியிடம் நான் நான்கு நாட்கள் பொய் சொன்னேன். அதுவும் அவர் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது. இப்போது நினைத்தால் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.

நாங்கள் சுவிஸில், வில் நகருக்கு வெளியே, அவருடைய பண்ணையை ஒட்டிய தொடர்மாடியில் இருக்கிறோம். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, ஐம்பத்தைந்து. அவர் தனியாள். சிநேகிதி என்றால் எனக்கு இந்த நாட்டில் அவர்தான். முழங்கால் தேய்ந்து பால் கறக்க முடியாமல் போனதும் மாடுகளை விற்றுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் நான்கு வரிசை அரோனியாச் செடி வைத்தார். அரோனியா நாவல் பழத்தைவிடச் சின்னது, கறுப்பு. கொத்துக் கொத்தாய்க் காய்க்கும், பிழிந்து சாறு எடுப்பார்கள். குருவித் தீனி என்று ஊரில் சிரித்தார்கள். அவருடைய தம்பிக்கு அந்த நிலத்தில் சோளம் போட ஆசை.

"இந்த முறைதான் செடி முழுசாய்க் காய்க்குது. இதுவும் சரிவராட்டி நிலத்தைத் தம்பியிட்டைக் குடுத்திடுவன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னது சுவிஸ் ஜெர்மனில்தான். என் மனதில் எல்லாம் எங்கள் தமிழில்தான் பதிகிறது.

ஓகஸ்டில் சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்தது. பிறகு சில வாரம் மறுவாழ்வு நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் பேச்சில் அது றீஹா. போகும்போது செடிகளை என் கணவரிடம் ஒப்படைத்தார். தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிற மனிதர் இவர். என்னோடு கதைப்பதைவிட அந்தச் செடிகளோடு அதிகம் கதைப்பார். பிதுக்கிப் பார்த்து உள்ளேயும் சிவந்திருந்தால்தான் பிடுங்க வேண்டும், அதற்குச் செப்டெம்பர் ஆகும் என்று சிநேகிதி சொல்லிவிட்டுத்தான் போனார். இவரும் தலையாட்டினார்.

ஓகஸ்ட் நடுவிலேயே பழம் கறுத்துவிட்டது. கோயில் தேருக்கென்று லோசானிலிருந்து இவருடைய தங்கை குடும்பமும் பிரான்சிலிருந்து அண்ணன் குடும்பமும் வந்திருந்தார்கள். எங்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். எங்கள் ஆட்களுக்கு வேலை நாள் பழத்தைப் பார்த்து அமைவதில்லை, வந்திருக்கிற கைகளைப் பார்த்துத்தான் அமையும்.

"இவ்வளவு பேர் நிக்கேக்கை ஏன் பாத்துக்கொண்டிருப்பான்? நாவல் பழம் கறுத்தா விடுறனாங்களோ?" என்றார் தங்கை.

"ஓம், அதுதானே" என்றேன் நான்.

தேர் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ரோல்சும் தேத்தண்ணியும் பாட்டுமாக, மத்தியானத்துக்குள் இரண்டு வரிசையை மொட்டையடித்தோம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்குப் பதினான்கு பேருக்கும் ஒரே புத்தி.

திங்கட்கிழமை பெட்டிகளைச் சாறு பிழியும் இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் ஒரு பழத்தை நசுக்கி, இனிப்பு அளக்கிற சின்னக் கருவியில் ஒரு துளி விட்டுப் பார்த்தார். பிறகு பழத்தை எங்களிடம் நீட்டினார். தோல் கறுப்பு, உள்ளே வெளிறல். இன்னும் மூன்று கிழமை வேண்டும், இதைப் பிழிய மாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து, இவர் தனக்குத்தானே தண்டனை கொடுப்பதுபோல, அந்தப் பழத்தில் ஒரு கோப்பையை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்றார். அந்தக் கயரில், துவர்ப்பில், இவருக்கு நாக்கே புரளவில்லை.

பின்னேரம் றீஹாவிலிருந்து போன் வந்தது. "பழம் எப்பிடி இருக்கு?"

"அல்லஸ் குட்" என்றேன். எல்லாம் நல்லாயிருக்கிறதாம்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். அந்த இரண்டு சொல்லும் நாள் முழுக்க என் வாயில் இருக்கும். அதோடு, படுத்திருக்கிறவருக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். என் தாய் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவருடைய தங்கை இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்துத்தான் தாய்க்குச் சொன்னோம். அதை அன்பு என்றே நினைத்தோம்.

செவ்வாய், புதன், வியாழனும் அதே கேள்வி, அதே பதில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியில் அந்தப் பழங்களோடு போனேன். சிநேகிதி யன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை.

"ரெண்டு வரிசை போச்சு. தெரியும். தம்பி செடியைப் பாத்திட்டுத் திங்கக்கிழமையே வந்து சொல்லிப்போட்டான்."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் கேட்டனி?"

"எப்ப சொல்லுவாய் எண்டு பாத்தன்." அவர் பெட்டியைத் தள்ளி வைத்தார். "பழம் போனாப் போகட்டும். உன்ரை இல்லத்திலை ஒண்டும் விளங்காமல் இருக்கிற ஆக்களைப்போல என்னையும் நினைச்சிட்டாய். அதுதான் நோகுது."

அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அந்த இரண்டு மாதத்துக்காக என் தாய்க்கும் எங்களில் கோபம் இருந்திருக்குமோ என்று முதல் தடவையாக யோசித்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நானே போன் எடுத்தேன். "செடிக்கு மேலை போட்ட வலை ஒரு இடத்திலை கிழிஞ்சுபோச்சு, குருவி இறங்கிட்டுது." "நாலாவது வரிசையிலை கடைசிச் செடி வாடுது." "கடிச்சுப் பாத்தன், இன்னும் நாக்கை இழுக்குது." அவர் அங்கிருந்து இதைச் செய், அதைச் செய் என்பார், இவர் செய்வார். சில நாள் சிநேகிதி எரிச்சலில் போனை வைத்துவிடுவார். அந்த எரிச்சல்கூட எனக்குப் பிடித்திருந்தது.

செப்டெம்பரில் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். மிச்ச இரண்டு வரிசையையும் நாங்கள் மூன்று பேருமே பிடுங்கினோம், அவர் ஸ்டூலில் இருந்தபடி. சாறு வந்த அன்று தம்பியும் வந்தார்.

"பாதி விளைச்சல்தானே. செடியைக் கிண்டி எறிவமோ?" என்றார் தம்பி.

சிநேகிதி ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளினார். "எப்பிடி இருக்கு?"

குடித்தேன். "கயர்க்குது. சீனி போடாட்டி எங்கடை ஆக்கள் தொடமாட்டினம். ஆனா நான் இன்னொரு கிளாஸ் குடிப்பன்."

"செடி?"

"மூண்டு வரிசை நல்ல சுகம். நாலாவதிலை கடைசி ரெண்டும் தப்பாது."

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "அந்த ரெண்டையும் கிண்டு. மிச்சம் நிக்கட்டும். இவ சொன்னாச் சரி."