ஈஸ்டர் திங்களில் காலியான தொட்டி

லெஷெக்குக்குத் தொழில் ரொட்டி சுடுவது. தீயணைப்பது அவர் சம்பளமில்லாமல் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஓல்ஷின்கா கிராமத்தில் தீயணைப்பு வீரர்கள் எல்லோருமே அப்படித்தான். ஒருவர் தச்சர், ஒருவர் தபால்காரர், தலைவர் ரிஷார்ட் பன்றி வளர்ப்பவர். நிலையத்துக் கூரைமேல் சைரன் அலறினால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். லெஷெக் முகமெல்லாம் மாவோடு வந்து நிற்பார். அன்றைக்கு ஊரே கருகிய ரொட்டி தின்னும். யாரும் முணுமுணுத்ததில்லை.

தினமும் தீக்குள் பாய்கிற வேலை என்று குழந்தைகள் நினைப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. புயலில் சாய்ந்த மரத்தை அறுத்துச் சாலையைத் திறக்க வேண்டும். குளவிக்கூட்டை இறக்க வேண்டும். ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத பூனைகளுக்கு ஏணி வைத்து, கூலியாகக் கீறல் வாங்கிக்கொள்ள வேண்டும். வசந்தம் வந்துவிட்டால் காய்ந்த புல் தொல்லை. கொளுத்தாதீர்கள் என்று வாய் வலிக்கச் சொன்னாலும், கொளுத்தினால்தான் மண் செழிக்கும் என்று நம்புகிறவர்கள் கொளுத்திக்கொண்டேதான் இருப்பார்கள். நல்ல புத்தி யார் காதில் ஏறுகிறது?

வண்டி ஓட்டுவதும் பம்ப்பை இயக்குவதும் லெஷெக்கின் பொறுப்பு. அதற்கு ஒரே ஒரு விதிதான். எவ்வளவு களைத்துத் திரும்பினாலும், பசி வயிற்றைக் கிள்ளினாலும், முதலில் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் மற்றதெல்லாம். தண்ணீர் இல்லாத தீயணைப்பு வண்டி வெறும் சிவப்பு லாரி என்பார் ரிஷார்ட்.

ஈஸ்டர் திங்களன்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றாவிட்டால் அந்த ஊரில் அது பண்டிகையே இல்லை. வாளி, குவளை, கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு விரட்டுவார்கள். தீயணைப்பு வண்டிக்கும் அதில் பங்கு உண்டு. தேவாலயச் சதுக்கத்தில், பெரிய தெருக்குழாயின் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திக் குழந்தைகள்மேல் மழை பொழியவைப்பார் லெஷெக். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே தொட்டியை நிரப்பிக்கொள்வார்.

அந்த வருடம் சதுக்கத்தில் பாதித் தொட்டி தீர்ந்திருந்தது. அதற்குள் ஆலைத்தெருப் பிள்ளைகள் ஓடிவந்து, எங்கள் தெருவுக்கும் வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நிரப்பிவிட்டுப் போயிருக்கலாம். நிரப்புவதற்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்களே என்று மனம் இளகிவிட்டது. ரிஷார்டும் மற்றவர்களும் சதுக்கத்தில் கேக் தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் பாதித் தண்ணீரோடு வண்டியைக் கிளப்பினார்.

அந்தக் கூட்டத்தில் மிலெனா என்கிற சிறுமியும் இருந்தாள். தெரு முடிகிற இடத்தில் ஒரு குன்று. அதன்மேல் அவளும் அவள் அம்மா பொஜெனாவும் இருக்கிற வீடு. வீட்டை ஒட்டிக் குதிரை லாயம். அவர்களுடைய குதிரை அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. ஊரில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்திருக்கவில்லை.

பூந்தூறலின் கீழே நின்று மிலெனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இன்னும் மாமா, இன்னும் என்று கத்தினாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தண்ணீர் அளவு காட்டும் முள் அடிமட்டத்தைத் தொடுவதை லெஷெக் பார்த்தார். பார்த்தும் குழாயை மூடவில்லை.

கடைசிச் சொட்டும் தீர்ந்து, குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சைரன் அலறியது. எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குன்றின்மேல் புகை தெரிந்தது. யாரோ புல்லுக்கு வைத்த நெருப்பு காற்றில் ஏறி லாயத்தைப் பிடித்திருந்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் மட்டும் இருந்திருந்தால்! குன்றில் தெருக்குழாயும் கிடையாது. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவார்களாமே, அந்தக் கதைதான். லெஷெக் வண்டியைத் திருப்பிச் சதுக்கத்தை நோக்கி ஓட்டினார். நனைந்த பாவாடையோடு மிலெனா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"மாமா, எங்க வீடு அந்தப் பக்கம்! மாமா!"

தொட்டியை நிரப்பி, ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர் குன்றேறியபோது லாயத்தின் கூரை விழுந்துவிட்டிருந்தது. பொஜெனா தாய்க்குதிரையை எப்படியோ வெளியே இழுத்து வந்திருந்தாள். குட்டி பயந்துபோய் உள்மூலையில் ஒண்டிக்கொண்டதாம். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லையாம். வீட்டுக்குத் தீ பரவாமல் தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றிவிட்டார்கள். ஊர் அதற்காகப் பாராட்டியது. மறுநாள் யாரோ கேக் கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லெஷெக் அதைத் தொடவில்லை.

ரிஷார்டிடம் போய் நடந்ததைச் சொல்லி, வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"சாவிய வெச்சுட்டா குட்டி திரும்பி வந்துருமாடா?" என்றார் ரிஷார்ட். "நாளைக்குச் சைரன் அடிச்சா, நீ அழுது முடிக்கட்டும்னு தீ காத்துக்கிட்டு நிக்காது. எடுத்துக்கிட்டுப் போ."

லெஷெக் எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரம் ரொட்டி வாங்க வந்த பொஜெனா, மிலெனா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்றாள். தண்ணீரைத் தீர்த்தது நான்தான் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். லெஷெக் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு பொஜெனாவோடு குன்றேறினார். மிலெனா கரிந்த மரத்துண்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கேக்காம இருந்திருந்தா குட்டி பிழைச்சிருக்குமா மாமா?"

பொய் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் வண்டி தீயை விட்டு எதிர்ப்பக்கம் ஓடியதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அவள்.

"தண்ணி இருந்திருந்தா பிழைச்சிருக்கும். ஆனா அதைக் காப்பாத்தி வெக்கிறது உன் வேலை இல்ல பாப்பா. என் வேலை. பிள்ளைங்க கேக்கத்தான் செய்வாங்க. போதும்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலை?"

"நீ அவ்ளோ அழகாச் சிரிச்சே. நிறுத்த எனக்கு மனசு வரலை."

மிலெனா ஒரு கரித்துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் சிரிச்சதுதான் தப்பா?"

லெஷெக் பதறிப்போய் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை, இல்லவே இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். பெரியவர்கள் மனம் நோகக் கூடாதே என்று குழந்தைகள் ஆட்டுகிற தலையாட்டல் அது. லெஷெக்குக்கு அது தெரிந்தது.