நைனாவுக்குக் காட்டிய நீலம்

எங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கிய செய்தி செஞ்சியில் பரவிய விதம் அப்படி. கெமிஸ்ட்ரி என்றால் மருந்து, டாக்டர் என்றால் டாக்டர். இரண்டும் ஒரே வீட்டில் கிடைக்கும்போது எதற்கு ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் போய் டோக்கன் வாங்க வேண்டும்? ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். நான் கோட்பாட்டு வேதியியல்காரன், மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பவன், மாத்திரைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். கேட்டவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அது சரி சார், இது சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்றார். அன்றிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருப்பதை அப்படியே வாசித்துச் சொல்லிவிடுகிறேன். என் படிப்பால் ஊருக்கு உடனடியாகக் கிடைத்த பலன் இது ஒன்றுதான்.

நான் கணக்குப் பக்கம் போனதற்கு லட்சியம் எதுவும் காரணமில்லை. எம்.எஸ்ஸி. படிக்கும்போது நான் தொட்ட கண்ணாடிச் சாமான் எதுவும் முழுசாக அலமாரிக்குத் திரும்பியதில்லை. என் தலை வாசலில் தெரிந்தாலே லேப் அட்டெண்டர் பியூரெட்டுகளை எடுத்து உள்ளே வைப்பார். ஒருநாள் அமிலத்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி வாய்வரை வரவழைத்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர், உடைக்க முடியாத எதிலாவது ஆராய்ச்சி செய் என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். உட்கார்ந்தவன்தான். வெளிநாடு போய் அங்கேயும் உட்கார்ந்தேன், திரும்பி வந்து இங்கேயும் உட்கார்ந்தேன். பேராசிரியராகி, தலை நரைத்து, இன்னும் எழுந்திருக்கவில்லை.

உட்கார்ந்து என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர், காற்றில் இருக்கும் நைட்ரஜனை உடைத்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கிறது. அதே வேலையை மனிதன் செய்யப் பெரிய ஆலை கட்டி, அனலும் அழுத்தமும் கொடுத்துக் கொளுத்த வேண்டியிருக்கிறது. அந்த முடிச்சு செய்வதைச் செய்யக்கூடிய ஒரு மூலக்கூறை நாமே செய்ய முடியுமா என்று நான் கணக்குப் போடுகிறேன். கணக்கை எழுதிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, அது வரிசையில் நின்று ஓடி முடியும்வரை காத்திருப்பது என் தொழில். முடிந்ததும் தப்பு என்று தெரியும். மறுபடி அனுப்புவேன். என் தாளில் வரைந்த மூலக்கூறுகளில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் குடுவையில் செய்து காட்டவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் மேடம் நிஜமாகவே குடுவையும் அடுப்புமாக இருப்பவர். சமைக்கத் தெரியாதவர் எழுதுகிற சமையல் புத்தகம் என்று என் கட்டுரைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொல்பவரிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

நைனா, அதாவது என் அப்பா, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை போடுகிறவராக இருந்தவர். மல்லாட்டை மூட்டை, நெல் மூட்டை, எள்ளு மூட்டை என்று வாழ்நாள் முழுக்கக் கண்ணால் பார்த்து, கையால் தூக்கி, தராசில் வைத்த மனிதர். எனக்குப் பட்டம் கிடைத்த அன்று, இத்தனை வருஷம் படித்து என்ன செய்தாய் என்று கேட்டார். ஒரு மூலக்கூறு என்றேன். எங்கே என்றார். கம்ப்யூட்டரில் என்றேன். எத்தனை கிலோ தேறும் என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குக் கிண்டல் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

சர்க்கரை நோய் அவர் விழித்திரையைக் கெடுத்துவிட்டது என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவருக்கு இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. வலது கண்ணில் நடுவில் ஒரு இருட்டு, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறோம், எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நைனா அதைத் தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார். காலையில் மொட்டை மாடிக்குப் போய், செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைப் பார்ப்பார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஓரக் கண்ணால். உச்சியில் இருக்கிற கட்டடம் தெரிந்தால் அன்று நல்ல நாள். மலை மட்டும் தெரிந்தால் சுமாரான நாள். இறங்கி வந்து, "மேல கட்டடத்த இடிச்சிட்டாங்க போலக்குது" என்று அறிவிப்பார். என் மனைவி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அப்படி ஒரு சுமாரான நாளில்தான் என்னிடம் கேட்டார்.

"கண்ணு இருக்கசொல்லவே ஒன் லேப்ப ஒரு தபா பாத்துடறேன்டா. நீ இன்னா செய்யறன்னு நான் பாத்ததே இல்ல."

அவர் அதிகம் எதுவும் கேட்கிறவர் இல்லை. கேட்ட ஒன்று என்னிடம் இல்லை. எனக்கு லேப் கிடையாது. ஒரு மேசை, ஒரு திரை, கட்டடத்தின் பின்பக்கம் ஏ.சி. போட்ட பூட்டிய அறையில் அடுக்கிவைத்த கம்ப்யூட்டர்கள். நன்றாகக் கண் தெரிகிறவர்களுக்கே அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கும் பார்வையை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வருகிற மனிதருக்கு எதைக் காட்டுவது?

மனைவி, இருப்பதைக் காட்டுங்கள் என்றாள். நான் யோசனை கேட்டது மேடத்திடம். அவர் உடனே, "சார், என் லேபுக்குக் கூட்டிட்டு வாங்க. கலர் கலரா வெச்சு அசத்திடலாம்" என்றார். வெள்ளைக் கோட்டும் அவரே கொடுத்தார். அது அவருடைய மாணவர் ஒருவருடையது. எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். முடிவெட்டுகிறவருக்கு முன் உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து வந்துவிட்டதைப் போல இருந்தேன். பரவாயில்லை, நைனாவுக்கு வெள்ளையாக ஏதோ நிற்பது தெரிந்தால் போதும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

புறப்பட்ட அன்று காலை நைனா சலவை வேட்டி கட்டி, முகம் மழித்து, எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். மாடிக்குப் போய் மலையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கட்டடம் இருக்கிறது என்றார். திண்டிவனம் தாண்டும்வரை அதையே இரண்டு தரம் சொன்னார்.

மேடம் வாசலுக்கே வந்து வரவேற்று, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நாற்காலி போட்டார். கண்ணாடிக் குவளையில் காப்பர் சல்பேட் என்கிற மயில்துத்தம் கரைத்து வைத்திருந்தார். வெளிறிய நீலம். அதில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முதலில் பால் திரிந்தது போலக் கலங்கியது. மேலும் விட விடக் கலங்கல் கரைந்து, குவளை முழுக்க அடர்ந்த நீலம் எழுந்தது. நைனா தலையைச் சாய்த்து, ஓரக் கண்ணால் பார்த்தார். அவர் முகம் இளகிப்போனதை நான் பார்த்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுல நீ செஞ்சது எது?"

கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். மேடம் என்னைப் பார்த்தார், நான் சொல்வதைச் சொல்லட்டும் என்று. ஒரு தலையாட்டல் போதும், காரியம் முடிந்திருக்கும். ஆனால் நைனா எடை போடுகிறவரின் முகத்தோடு கேட்டிருந்தார். "இது இல்ல நைனா. என்னுது அடுத்த ரூம்ல இருக்குது, வாங்க" என்று கையைப் பிடித்து எழுப்பினேன்.

என் அறையில் திரைக்கு முன்னால் அவரை உட்கார வைத்து என் மூலக்கூறைத் திறந்தேன். எங்கள் பழக்கப்படி கறுப்புப் பின்னணி, அதில் மெல்லிய குச்சிகளும் சின்ன உருண்டைகளும். அவர் மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தார். இருட்டாக இருக்கிறது என்றார். பின்னணியை வெள்ளையாக்கினேன். குச்சிகளைத் தடியாக்கினேன், உருண்டைகளைப் பெரிதாக்கினேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் செய்ததில்லை. மூலக்கூறை மெதுவாகச் சுழலவிட்டேன். அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பிறகு விரலைத் திரையில் வைத்தார்.

"இங்க நீலமா ஒண்ணு போவுதே, அதுவாடா?"

அது நைட்ரஜன்தான். நான் வாழ்க்கை முழுக்கத் துரத்திய அதே நைட்ரஜன் அணு. இருட்டைத் தாண்டி, ஓரத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அதைப் பிடித்துவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். எனக்குள் இருக்கும் வாத்தியார் வாயைத் திறந்துவிட்டார்.

"ஆமா நைனா, அதான் நைட்ரஜன். ஆனா நெசத்துல அது நீலம் இல்ல. ஆக்சிஜன்னா செவப்பு, நைட்ரஜன்னா நீலம்னு அடையாளத்துக்கு நாங்களா போட்டுக்கறது."

"அப்ப நெசத்துல இன்னா கலரு?"

"அணுவுக்குக் கலரே கிடையாது நைனா."

மாணவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு பொய் லேபைக் காட்டத் தயாராக இருந்தவனுக்கு, ஒரு உருண்டையின் நிறத்தில் வந்து உண்மை முளைத்தது. இந்தத் தவறைச் செய்ய எங்கள் தொழிலில் ஊறியவனால்தான் முடியும். நைனா விரலை எடுத்துவிட்டார். "கலரே இல்லாததப் பாக்கத்தான் வந்தேனா" என்று சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அதன்பின் திரைப் பக்கம் குனியவில்லை.

கம்ப்யூட்டர் அறையையும் காட்டினேன். முன்னால் குளிரும் பின்னால் அனலுமாக அடிக்க, நடுவில் என்னதான் பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாது என்றேன். இருவரும் சிரித்தோம். காரில் திரும்பும்போது தூங்கிவிட்டார்.

மழை தொடங்குவதற்குள் வலது கண்ணும் போனது. ஒருநாள் காலை மாடிக்கு ஏறியவர் நீண்ட நேரம் இறங்கவில்லை. போய்ப் பார்த்தேன். மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அவர் கையைப் பிடித்துப் படிக்கட்டில் இறக்கிக் கொண்டுவந்தேன்.

போன அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கோயிலுக்கு வந்திருந்த என் அத்தையின் கணவர், மறுநாள் கூட்டம் வடிந்ததும் நைனாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பேச்சை மாற்ற நினைத்திருக்க வேண்டும். "மச்சான், மாப்ள காலேஜுக்குப் போயிருந்தியாமே, இன்னா பாத்த?" என்றார்.

நான் அந்தப் பக்கம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். நைனா நிமிர்ந்தார்.

"நீலமா ஒண்ணு செஞ்சி வெச்சிருக்கான். மொதல்ல வெளுத்தாப்ல இருந்துது. அப்பறம் கலங்கிச்சி. அதோட போச்சின்னு நெனச்சேன். பாத்துனே இருக்கேன், அப்டியே கருநீலமா எழும்பி வருது. அந்த மாதிரி ஒரு நீலத்த நான் எங்கயும் பாத்ததில்ல."

மாமா என்னைப் பார்த்தார். "எதுக்கு மாப்ள ஆவும் அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா பதில் சொன்னார். மல்லாட்டைக்கு உரமாகும் என்றும், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இதெல்லாம் அவசரப்படுகிற காரியம் இல்லை என்றும், எனக்கு நிதி கொடுக்கிறவர்களிடம் நான் சொல்வதைவிட நம்பும்படியாகச் சொன்னார். மாமா தலையாட்டினார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"நைனா, அது அந்த மேடம் கலக்குனது."

"தெரியும்டா. கண்ணுதான் போச்சி, மூள போவல."

"அப்பறம் ஏன் அப்டி சொன்னீங்க?"

அவர் முகம் நான் இருந்த திசைக்குச் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்து இருந்தது.

"ஒன்னுத நான் எங்கடா பாத்தேன்? நீலமா ஒண்ணு தெரிஞ்சுது, அதுவும் நெசமில்லன்னுட்ட. நாலு பேரு வந்து கேட்டா நான் இன்னாத்த சொல்றது?"

நைட்ரஜன் நீலம்தான் நைனா, அன்றைக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாமா என யோசித்தேன். நம்ப மாட்டார். நம்பினாலும் இனிப் போய்ப் பார்க்க முடியாது. மனைவி டீ வைத்துவிட்டுப் போயிருந்தாள். டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சூடாக இருக்கிறது, பார்த்து என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஆறட்டும் என்றார்.