முழங்கால் உயரத்தில் ஒரு சுடர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் முழங்கையில் சுண்ணாம்புக்கல் கிழித்த தழும்பு இருக்கிறது. அது பொய் சொல்லாது.

எங்கள் மால்டோவாவில், கல் வெட்டி முடித்த சுரங்கம்தான் மதுக் கிடங்கு. மண்ணுக்கடியில் தெருத் தெருவாகப் போகும். கடைசித் தெரு சரியான பள்ளம். மின்விளக்கு முந்தைய தெருவோடு சரி. அக்டோபரில் புதுத் திராட்சை ரசம் புளித்துப் பொங்கும்போது கிளம்பும் விஷக்காற்று அங்கேதான் போய்த் தேங்கும். அதனால் மெழுகுவத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்குவோம். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். எரிந்தால் பயமில்லை.

அன்று காலை என் மனைவி அகாஃபியா, தன் தம்பி சிமியோனின் சட்டைப் பையில் மெழுகுவத்தியைத் திணித்தாள். தாய் இல்லாதவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

"கோயிலுக்கா அனுப்புற?" என்று சிரித்தான்.

"வாயை மூடு. ஏத்திட்டு இறங்கு."

மதியம் ஒன்று நாற்பது. மக்காச்சோளக் களி ஆறிக் கட்டியாகிவிட்டது. அவன் மேலே வரவில்லை.

"போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

கடைசித் தெருவின் முனையில் நின்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. பீப்பாய்களுக்குள் ரசம் பொங்கும் சத்தம் மட்டும்... க்ளப்... க்ளப்...

அப்போதுதான் பார்த்தேன். கீழே, கல்தூண்களுக்கு நடுவே ஒரு சுடர். முழங்கால் உயரத்தில். நகர்ந்துகொண்டிருந்தது.

அப்பாடா! அவன் சுடர் எரிகிறது. அப்படியானால் காற்றும் நல்ல காற்றுதான். என் மெழுகுவத்தியையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.

"டேய் சிமியோன்! உங்கக்கா என்னை உயிரோட விடமாட்டா. வாடா!"

"வாங்க மாமா... காத்து நல்லாத்தான் இருக்கு..."

அவன் குரல்தான். ஆனால் எதிரொலி இல்லை. அந்தத் தெருவில் தும்மினால்கூட மூன்று முறை திரும்பும்.

சுடரும் ஆடவில்லை. நடக்கிறவன் கையில் சுடர் ஆடாமல் இருக்குமா?

இன்னும் நாலு அடி வைத்தேன்.

என் மெழுகுவத்தி அணைந்தது.

அந்தச் சுடர் மட்டும் எரிந்தது.

என்னைவிடப் பள்ளத்தில்...

"வாங்க மாமா..."

கால் துவண்டது. சுவரைப் பிடித்தேன். மேடு எந்தப் பக்கம்?

ஊர்ந்தேன்...

கிடங்கு மேஸ்திரி ப்ரோஃபீர்தான் தெருமுனையில் கிடந்த என்னை இழுத்துப் போட்டாராம். மின்விசிறி வைத்து விஷக்காற்றை வெளியேற்றிய பிறகு, சாயங்காலம் சிமியோனைத் தூக்கி வந்தார்கள். காலை எட்டு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அகாஃபியா என்னையே பார்த்தாள். "கூப்பிட்டான்னீங்களே... அப்ப உசிரோட இருந்தான்தானே?"



அவள் தம்பியின் சட்டைப் பைக்குள் கை விட்டாள். காலையில் வைத்த மெழுகுவத்தி அப்படியே இருந்தது. திரி வெள்ளை. ஏற்றவே இல்லை.

"எதை நம்பிடா இறங்குன?"

ப்ரோஃபீர் தொப்பியைக் கழற்றினார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி என் தம்பி, அதே தெருவுல... அவன் பையிலயும் திரி வெள்ளையாத்தான் இருந்துச்சு."