பேர் அத்தைக்கு, மனை எல்லோருக்கும்

1953 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே முக்கால். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. வாடைக் காற்று மட்டும் விடவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்தில் அத்தை இருந்த வீட்டுக்கும் பின்னால் ஒரு துண்டு மனை உண்டு. தாத்தா வாங்கிய எந்தப் பத்திரத்திலும் அது இல்லை. அப்பா அங்கே குளியலறை கட்ட ஆசைப்பட்டார். அத்தை அங்கே கருவாடு காயவைத்து விற்றுவந்தாள். நான் அங்கே ஒரு மரப்பெட்டியில் நான்கு புறா வளர்த்தேன். அவை கருவாட்டின் மேல் எச்சமிடும். எந்த நேரமும் அவற்றைத் துரத்திவிடுவார்கள் என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கே சொவரு எழுப்பறேன் பாரு" என்று அத்தை அன்று காலை அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார். துறைமுகத்தில் சரக்கு மூட்டை எண்ணும் வேலை அவருக்கு. நார்வேக் கப்பல் மாலுமி ஒருவர் அவருக்குத் தோஸ்து.

"அக்கா, வடக்கால, ஒலகத்து உச்சியில ஸ்வால்பார்ட்னு ஒரு தீவு கீது. ஒரே பனி, அடியில நெலக்கரி. யாருக்கும் சொந்தம் இல்ல. அல்லாரும் போயி வெட்டிகினு, அடிச்சிகினு இருந்தாங்க. அப்பால பாரிசுல ஒக்காந்து பேசி நார்வேகாரன் கையில குட்த்துட்டாங்க."

"அவன் இன்னா பெரிய இவனா?"

"சும்மா குடுக்கல. கையெழுத்து போட்டவன் அல்லாரும் வெட்லாம். கோட்டை கட்டக் கூடாது. வரி வாங்கினா அந்த மண்ணுக்கே செலவு பண்ணணும். மனைக்கும் அதே மாரி வெச்சிக்கலாம். பேரு உன்னுது. பொழங்கறது அல்லாரும்."

நான் குறுக்கே புகுந்தேன். "நாம போயி வெட்லாமா சித்தப்பா?"

"தாராளமா. இந்தியா பேர்லயும் வெள்ளக்காரன் கையெழுத்து போட்டுகீறான்."

"கப்பலு?"

"அது உன் பாடு."

"பேரு என்னுதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று மட்டும் அத்தை கேட்டாள். சித்தப்பா எழுதினார், அப்பா முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எல்லோரும் புழங்கலாம் என்றால் என் புறாக்களும்தானே? அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றேன். பேர் மட்டும் கையில் வைத்துக்கொண்டு நார்வே என்ன செய்யும் என்று இரவு படுக்கும்வரை யோசித்தேன்.

மறு ஞாயிறு அத்தை முதல் சட்டம் போட்டாள். "இந்த மனையில யாரும் பறவ வளக்கக் கூடாது. நானுந்தான் வளக்க மாட்டேன். அல்லாருக்கும் ஒரே சட்டம்."

சித்தப்பாவிடம் ஓடினேன்.

"அதுவும் அங்க கீதுடா. பிராணி, பறவைங்கள காப்பாத்த நார்வே சட்டம் போட்லாம். அல்லாருக்கும் ஒண்ணா இருந்தா சரி."

"அங்க காப்பாத்தத்தானே?"

"இங்க கருவாட்ட காப்பாத்துது" என்று சிரித்தார்.

காசிமேட்டுப் பையன் ஒருவனுக்குப் புறாக்களைக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டன. ஒப்பந்தத்தில் அவை கையெழுத்துப் போடவில்லையே. வரும்போதெல்லாம் அத்தை என்னிடம் அபராதம் வாங்கி, 'மண்ணுக்கே செலவு' என்று கருவாட்டுக்குப் பாய் வாங்கினாள். கடைசியில் ஒரு சரக்கு ரயில் கார்டு அவற்றை ஆந்திரப் பக்கம் கூடூருக்குக் கொண்டுபோனார். பிறகு அவை வரவில்லை. அப்பா அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய துரோகமாகப் பட்டது.

இரண்டு வீடும் அத்தையின் தம்பிகளான அப்பா, சித்தப்பா பேரில் இருந்தன. கணவனை இழந்து வந்த அத்தைக்கு இந்த உலகத்தில் அவள் பேரில் இருந்தது அந்த மனை ஒன்றுதான். அது தன்னுடையதுதானா என்று தெரிந்துகொள்ள அவள் ஒரு சட்டம் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அதை எதிர்க்க முடியாதவனாக அந்த வீட்டில் இருந்தவன் நான் ஒருவன்தான். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியவில்லை. புறா, பெட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன நஷ்டம்தான் தெரிந்தது: ஆறு ரூபாய் பதினோரு அணா.