தரையில் எரியாத விளக்கு

பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. 1989, நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டேகால் மணி. நான் ஆஸ்பத்திரி லேபில் இருபது வருஷம் ரத்தம் சோதித்தவள். பார்த்ததைத்தான் சொல்வேன். நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் தங்கை ஸ்வர்ணாவின் கணவர் வாஞ்சிநாதன். குபெர்டினோவில் இன்ஜினியர். தங்கை புருஷனாச்சே என்றுதான் ‘அவர்’ போடுகிறேன். மற்றபடி அந்த மரியாதைக்கு அவர் ஒன்றும் செய்ததில்லை. சியரா மலைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். எண்பத்திரண்டில் அங்கே எரிமலை வெடிக்கலாம் என்று எச்சரிக்கை வந்தது. அதற்கப்புறம் பூமி வேறு அடிக்கடி ஆடும். ஜனங்கள் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓடினார்கள். இவர் ஓடிப்போய் ஒன்றை வாங்கினார்.

“எரிமலையாவது மண்ணாவது! ஏழு வருஷமா ஒரு புகை வரல. இந்த வெள்ளைக்காரங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். நமக்கு வெகேஷன் ஹோம் ஆச்சு, பர்வதக்கா.”

ஸ்வர்ணா பூரித்துப்போய் நின்றாள். அவளை என்னவென்று சொல்ல!

தேங்க்ஸ்கிவிங் லீவில் பால் காய்ச்சினோம். விடியற்காலை ஐந்து மணிக்கு, மேல்தளச் சமையலறையில் பால் பொங்கியது. ஆனால் பூஜையை வாஞ்சி பேஸ்மென்ட்டுக்கு மாற்றிவிட்டார். சாம்பிராணி போட்டால் மேலே ஸ்மோக் அலாரம் கத்துமாம். கீழே அலாரம் கிடையாதாம். என்ன மூளை!

காமாட்சி விளக்கைத் தரையில் மணைமேல் வைத்து ஏற்றினேன். சுடர் சின்னதாகி, இன்னும் சின்னதாகி... அணைந்தது. காற்றே இல்லை. மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே.

“குளிர்ல எண்ணெய் உறைஞ்சிருக்கும்,” என்றார் இன்ஜினியர்.

வேறு திரி எடுக்கத் திரும்பினேன். அரை நிமிஷம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தால் விளக்கு சுவர் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. என் தலை உயரத்துக்கு. நின்று எரிந்துகொண்டிருந்தது.

ஸ்வர்ணாதான் வைத்தாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் வைத்தேன் என்று அவள் நினைத்தாளாம்.

பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு மிஸஸ் லார்சன் பனியில் நடந்து வந்தாள். கையில் அவளே சுட்ட ஆப்பிள் பை. பேஸ்மென்ட் படி வழியாகக் கீழே விரித்திருந்த பெட்ஷீட்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கீழேயா படுக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

“இண்டியன்ஸ் ஸ்லீப் ஆன் ஃப்ளோர். வெரி ஹெல்தி!” என்றார் வாஞ்சி. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவர் தேங்க்யூ சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

“விட்டா எரிமலை புராணம் ஆரம்பிச்சிடும், அக்கா.”

நானும் சிரித்தேன். அதை மறைக்கமாட்டேன்.

ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். மேலே குளிர். கீழேதான் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. பனி ஏறி ஏறி பேஸ்மென்ட் ஜன்னல்களை மூடியிருந்தது. தரையில் வாஞ்சி, ஸ்வர்ணா, நடுவில் அவர்கள் குழந்தை மாலினி. மூன்று வயது. எனக்கு முழங்கால் வலி, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பழைய சோபாவில் படுத்தேன். கைப்பையைத் தரையில் வைத்தேன்.

விழித்தபோது மணி 2.15. தலை பாறையாகக் கனத்தது. கைப்பை என் வயிற்றின்மேல் இருந்தது.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. வாஞ்சியின் குறட்டை தெருக்கோடி வரை கேட்கும். அது நின்றுபோயிருந்தது.

பெட்ஷீட்டைப் பார்த்தேன். நடுவில் குழந்தை இல்லை.

“மாலினி...”

“அப் ஹியர், பெரியம்மா.”

மேல்தட்டில் உட்கார்ந்திருந்தாள். விளக்குக்குப் பக்கத்தில். காலை ஆட்டிக்கொண்டு. கீழே நாற்காலி இல்லை. ஸ்டூல் இல்லை.

“யாருடி உன்னைத் தூக்கி வெச்சது?”

“த லேடி.”

“எந்த லேடி?”

அவள் கீழே கை காட்டினாள்.

“ஷி கான்ட் லிஃப்ட் டாடி. டாடி டூ ஹெவி.”

பார்த்தேன்.

வாஞ்சி மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. இரண்டு கைகளும் நேராக மேலே நின்றன. மணிக்கட்டைப் பிடித்து யாரோ இழுக்கிறமாதிரி. தோள் தரையைவிட்டு எழும்பியது... ஒரு அங்குலம்... இரண்டு...

தொப்.

விழுந்தது.

மறுபடி எழும்பியது.

அங்கே யாருமே இல்லை.

கத்தினேன். குழந்தையை இறக்கி மேல்படியில் விட்டேன். ஸ்வர்ணாவைப் பிடிக்கக் குனிந்ததும் எனக்கே கண் இருட்டியது. அக்குளில் கைகொடுத்துத் தரதரவென்று இழுத்தேன். முழங்காலாவது, வலியாவது! அப்புறம் வாஞ்சி. தொண்ணூறு கிலோ. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒருத்தியாக அவரைப் படியேற்றவில்லை.

வெளியே பனியில் போட்டுக் கன்னத்தில் நாலு அறை விட்டேன். அதில் இரண்டு தேவையில்லாதவை. மூச்சு வந்தது. ஸ்வர்ணாவும் இருமிக்கொண்டே கண் திறந்தாள்.

“ஹீட்டர் ப்ராப்ளம்,” என்றார் மறுநாள். ஹீட்டர்க்காரன் வந்து பார்த்து ஒரு கோளாறும் இல்லை என்றான். அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்த நீலத்தைக் காட்டினேன். வாட்ச் இறுக்கமாம். இரண்டு கையிலுமா வாட்ச் கட்டுவார் இந்த மேதாவி?

எரிமலை என்றால் நெருப்புக் கக்கும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எனக்கும்தான். அந்த மாதிரி நிலத்தில் வாசனையே இல்லாத வாயு கசிந்து தரையோடு தேங்கும், விளக்கையும் அணைக்கும், தூங்குகிறவர்களையும் அணைக்கும் என்று பின்னால்தான் படித்தேன். விளக்கு அணைந்ததற்கு அது பதில். அதை மேலே எடுத்து வைத்தது யார்?

கிளம்பும் முன் மிஸஸ் லார்சன் வீட்டுக்குப் போனேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். முந்தின வருஷம் அதே பேஸ்மென்ட்டில் ஒரு பெண் தரையில் செத்துக்கிடந்தாளாம். காலையில் போலீஸ் போனபோது அவளுடைய நாலு வயதுப் பையன் உயிரோடு இருந்தான். அந்த மேல்தட்டில்.

“சாகிறதுக்கு முன்னால தூக்கி வெச்சிருக்கா,” என்றேன் இங்கிலீஷில்.

மிஸஸ் லார்சன் இல்லையென்று தலையை ஆட்டினாள். அதற்கு முந்தின நாள் பூராவும் பையன் இவள் வீட்டில்தான் விளையாடினானாம். ராத்திரி எட்டு மணிக்கு இவளே கொண்டுபோய் விட்டாளாம். கதவு பாதி திறந்தது. இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து பையனை வாங்கிக்கொண்டன. குட்நைட் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

டாக்டர் சர்டிபிகேட்டில் அந்தப் பெண் இறந்த நேரம், அதே நாள் மத்தியானம் இரண்டேகால்.